பற்றறித் தண்ணீர்

மாடுகளைப் பற்றி எனக்கு அந்த வயதில் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இருக்கவில்லை. மனிதரைப் பற்றி அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆகவே மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதை, வாயில்லாத சீவன்கள்மேல் கொண்ட இரக்கம் என்று எவரும் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. எங்கள் கரவெட்டியில் அக்காலத்தில் இங்கிலீசு படித்து முடித்த ஒருவனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், மற்றது மலாயாவில் கிளாக்கர். நாற்காலியில் குந்தியிருந்து பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும் இந்த உத்தியோகத்தை ஊர் முழுவதும் கைகூப்பிக் கும்பிட்டது. எனக்கு அதை நினைத்தாலே கொட்டாவி வந்தது. அதிலிருந்து தப்ப ஒரு வழி வேண்டியிருந்தது, அகப்பட்ட வழியில் மாடு நின்றது. விஷயம் அவ்வளவுதான்.

கடலுக்கு அப்பால் இந்தியாவில் ஒரு மிருக வைத்தியக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. கிடைத்தது என்றாலும் ஒரு நிபந்தனை இருந்தது. முதலாம் ஆண்டுப் பாடங்களில் ஆரம்ப இரசாயனத்தை மட்டும் இங்கேயே படித்து, எழுத்திலும் செய்முறையிலும் தேறிவிட்டுக் கப்பல் ஏறவேண்டும். தேறாவிட்டால் இடமில்லை. என் தகப்பனார் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"தேறினால் போ. தேறாட்டில் மலாயா. கொம்மான் அங்கை இடம் பாத்து வைச்சிருக்கிறான்."

அதற்குமேல் அவர் அதைப்பற்றியோ என் தாய்மாமனைப் பற்றியோ கதைக்கவில்லை. ஊர்தான் கதைத்தது. தகப்பனாரின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர், சபைகளில் முதலில் பேசும் உரிமையைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவர், கலியாண வீடொன்றில் நான் கேட்கத்தக்கதாகவே சொன்னார்: "டாக்குத்தர் எண்டால் ஆளுக்கெல்லோ பாக்கவேணும். உவன் மாட்டின்ரை வாலைத் தூக்கிப் பாக்கப் போறான். உவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?" பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப்பேரின் வீட்டு அடுப்பு மாட்டின் புண்ணியத்தில்தான் எரிந்தது. மாடு உழவேண்டும், சூத்திரக் கிணற்றில் நீர் இறைக்கவேண்டும், எரு போடவேண்டும், பால் தரவேண்டும். வருத்தம் வந்தால் மட்டும் அதைப் பார்க்கப் படித்தவன் எவனும் வரப்படாது. இதுதான் எங்கள் ஊர் நியாயம்.

இரசாயனம் படிக்க நான் போன கல்லூரியின் பெயரை எழுதமாட்டேன். அதில் படித்த பெரிய மனிதர்கள் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு நெஞ்சுவலி வரப்படாது. என்னைப்போலவே நிபந்தனையோடு மிருக வைத்தியத்துக்குத் தெரிவான இன்னும் இருவர் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் உடுவில்காரர், நல்ல குணசாலி. மற்றவர் தென்மராட்சிப் பக்கம், அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். எங்கள் மூவருக்குமாக வாரத்தில் நாலு நாள் பின்னேரம் தனி வகுப்பு நடந்தது.

எங்கள் இரசாயன மாஸ்டர் கல்கத்தாவில் படித்துப் பட்டம் பெற்றவர். தலைப்பாகை, கழுத்துவரை பூட்டிய கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. கல்கத்தாவில் அவர் எழுதி வந்த கொப்பி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அவர் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். அவர் மூச்சு விடும் இடத்தில் நாங்கள் பேனையை நிறுத்துவோம். எங்கோ ஒரு மாரியில் கூரை ஒழுகி அந்தக் கொப்பியில் கந்தகம் பற்றிய இரண்டு பக்கங்கள் மை கலங்கிப் போயிருந்தன. அந்த இடம் வந்ததும் அவர் ஒருமுறை செருமிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் பல வருடமாக அந்தக் கல்லூரியில் படித்து வெளியேறிய எவருக்கும் கந்தகம் என்ற பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமலே அவர்களில் சிலர் கந்தோர்களில் மேலாளராக வந்தார்கள்.

எங்கள் மூவரையும் அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளை ஆஸ்பத்திரி டாக்குத்தராக்குவது அவருடைய பெருமை, மாட்டுக்கு ஆள் தயாரிப்பது அவருடைய தரத்துக்குக் குறைவு. வகுப்புக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பார்: "இண்டைக்கு மாட்டிலை கை வைச்சிட்டே வந்தனீங்கள்?" நாங்கள் அதுவரை பாடப் புத்தகத்தில்கூட ஒரு மாட்டைப் பார்த்திருக்கவில்லை. உடுவில்காரர் மட்டும் ஒவ்வொரு நாளும் மரியாதையாக "இல்லை, சேர்" என்று பதில் சொல்லுவார்.

இரண்டு மாதம் கழித்துச் செய்முறை தொடங்கியது. ஒரு உப்பைத் தருவார்கள். உப்பு என்றால் கறிக்குப் போடும் உப்பு மட்டுமல்ல, இரசாயனத்தில் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். தந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு மருந்தாக விட்டுப் பார்த்து, அது இன்ன உப்பு என்று கண்டுபிடிக்கவேண்டும். வெள்ளி நைத்திரேற்று என்றொரு மருந்து உண்டு. அதில் இரண்டு துளி விட்டுக் கரைசல் பால் போல வெளுத்தால் குளோரைட்டு இருக்கிறது என்று அர்த்தம், வெளுக்காமல் தெளிவாக நின்றால் இல்லை என்று அர்த்தம். எங்கள் சயன்ஸ் அறையில் அது ஒருநாளும் தெளிவாக நிற்கவில்லை. எதைக் கரைத்தாலும் வெளுத்தது.

நான் எழுந்து கேட்டேன், எல்லா உப்பிலும் குளோரைட்டு இருக்குமா என்று.

"கொஞ்சம் வெள்ளை எல்லாத்திலையும் வரும்," என்றார் மாஸ்டர். "அது மருந்தின்ரை குணம். நல்லாய் வெளுத்தால்தான் குளோரைட்டு எண்டு எழுதவேணும்."

"நல்லாய் எண்டால் எவ்வளவு, சேர்?"

"அது பழக்கத்திலை வரும்."

கடவுளுக்கு அடுத்தபடியாக எங்கும் நிறைந்த பொருள் குளோரைட்டு என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்கு அவ்வளவு காலமும் ஏன் பழுது வரவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். செய்முறைக்கு அவர் கொடுத்த உப்பெல்லாம் கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் வாங்கி இடித்த சாப்பாட்டு உப்பு. சாப்பாட்டு உப்பு குளோரைட்டுத்தான். ஆகவே எல்லோரும் குளோரைட்டு என்று எழுதினார்கள், எல்லோரும் சரி, மாஸ்டருக்கும் திருப்தி.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல, என் சோம்பல். ஒருநாள் உப்பைப் போட மறந்து வெறும் தண்ணீரிலேயே மருந்தை விட்டுவிட்டேன். அதுவும் வெளுத்தது. நான் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போத்தலைப் பார்த்தேன். அதில் ஆங்கிலத்தில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

சயன்ஸ் அறைக்குப் பொறுப்பாக ஒரு பியோன் இருந்தார். ஐம்பது வயது, மெலிந்த தேகம், ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பவர். இந்தத் தண்ணீரை எதில் வடிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வடிக்கிறதோ? அந்தச் செம்புப் பானை ஓட்டையாகி ஏழெட்டு வரியம். சேர் சொன்னவர், சுத்தமான தண்ணி நிரப்பி வையும் எண்டு. நான் கோயில் கிணத்திலை அள்ளி நிரப்பி வைக்கிறன்."

"கிணத்துத் தண்ணியோ?"

"தம்பி, இந்தச் சுத்துவட்டாரத்திலை அதுமாதிரி நல்ல தண்ணி இல்லை. விடிய வெள்ளெனக் குளிச்சுப்போட்டு, ஈர வேட்டியோடைதான் அள்ளுறனான். வழியிலை ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. ஒருத்தரையும் தொட விடுறேல்லை. இதுக்கு மேலை என்ன சுத்தம் வேணும்?"

அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அவருக்குத் தெரிந்த சுத்தத்தை ஒரு அணுவும் பிசகாமல் செய்திருந்தார். சுத்தமான தண்ணீர் என்று மாஸ்டர் சொன்ன சொல்லை எங்கள் பகுதியில் எவரிடம் சொல்லியிருந்தாலும் அவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள். எங்களுக்குச் சுத்தம் என்பது தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது அல்ல, அதை எவன் அள்ளினான் என்பது. எங்கள் நிலம் அடிமுடி சுண்ணாம்புக் கல், கடல் நாலு புறமும் கசிந்து வருகிறது, கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இல்லாமல் எப்படி இருக்கும்? கல்கத்தாவில் படித்த மனிதருக்கு இது தெரியவேண்டும். அவரும் அந்தப் போத்தலின் லேபிளை நம்பினார். அவர் ஒட்டிய லேபிள்தான் அது.

இவ்வளவும் எனக்குச் சிரிப்பாகவே இருந்திருக்கும், சோதனை மட்டும் பழைய மாதிரி நடந்திருந்தால். அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் தானே உப்புகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரப்போவதாக அறிவித்தல் வந்தது. அவருடைய பொட்டலத்தில் கடை உப்பு மட்டும் இருக்காது. எங்கள் தண்ணீரில் கரைத்தால் எல்லாம் குளோரைட்டு. எல்லாம் குளோரைட்டு என்றால் எனக்கு மலாயா. தாய்மாமன் பார்த்துவைத்த நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: மின்கலங்களுக்கு வடித்த நீர்தான் விடவேண்டும். மின்கலம் என்றால் எங்கள் வாயில் பற்றறி. எங்கள் வடமராட்சியில் அது எங்கே இருக்கிறது? பஸ்ஸில் இருக்கிறது. அடுத்த நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லியடிச் சந்திக்குப் போனேன். சந்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு மோட்டார் கராஜ் இருந்தது. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் பஸ்கள் படுத்துக்கொண்டால் அங்கேதான் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கராஜில் வேலை செய்தவர் என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கோயில் கிணற்றில் கை வைக்க விடப்படாத சாதி. அவர் கை வைக்காவிட்டால் எங்கள் பகுதியில் பாதி பஸ் ஓடாது. அவர் பூட்டிக் கொடுத்த பஸ்ஸிலேயே அவருடைய ஆட்கள் ஆசனத்தில் இருக்க முடியாது, கீழே தட்டில் குந்தியிருந்துதான் போகவேண்டும். இதையெல்லாம் அப்போது நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். நான் சைக்கிளில் இருந்து இறங்காமலே, அவரை 'நீ' என்று கூப்பிட்டுத்தான் கதைத்தேன். எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடும்.

"உன்னட்டைப் பற்றறித் தண்ணி இருக்கோ?"

"இருக்கு. எத்தினை பற்றறிக்கு?"

"பற்றறிக்கில்லை. பள்ளிக்கூடத்திலை கெமிஸ்றிச் சோதினைக்கு."

அவர் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கடை பள்ளிக்கூடத்திலை தண்ணி இல்லையே?"

"இருக்கு. கிணத்துத் தண்ணி."

அவர் சிரித்தார். "கிணத்துத் தண்ணி விட்டால் பற்றறி மூண்டு மாசத்திலை செத்துப்போம். எந்தக் கிணறெண்டாலும் சரிதான், கோயில் கிணறெண்டாலும். நான் விட்டுப் பாத்திருக்கிறன்."

கொட்டிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று அடுப்பில் இருந்தது. அதன் வாயை அடைத்து, ஏதோ ஒரு லொறியின் செப்புக் குழாயை வளைத்துப் பூட்டி, அந்தக் குழாயைப் பச்சைத் தண்ணீர் வாளிக்குள்ளால் சுருட்டி விட்டிருந்தார். மறுமுனையில் சொட்டுச் சொட்டாகப் போத்தலுக்குள் விழுந்தது. முதல் வடியும் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும், கடைசித் தண்ணீரையும் எடுக்கப்படாது, இடையில் வருவதைத்தான் பிடிக்கவேண்டும் என்று அவர் சொன்னார். இதைக் கல்கத்தாவில் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பற்றறி செத்துச் செத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். வெள்ளி நைத்திரேற்றைச் சிறு குப்பியில் கொண்டுபோயிருந்தேன். அவருடைய தண்ணீரில் இரண்டு துளி விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே நின்றது. மூன்று மாதம் படித்தும் நான் காணாத காட்சி அது. உள்ளபடியே எனக்குக் கண் கலங்கியது.

என்ன தரவேண்டும் என்று கேட்டேன்.

"தண்ணிக்கு நான் ஒண்டும் வாங்கிறேல்லை," என்றார். "ஒண்டு மட்டும். உது ஆரின்ரை தண்ணி எண்டு ஆரும் கேட்டால், என்ரை எண்டு சொல்லவேணும்."

"ஆர் கேக்கப்போகினம்?"

"கேட்டால். இதுமாதிரிச் சுத்தமான தண்ணி இந்த வடமராட்சியிலை ஒரு வீட்டிலையும் இல்லை. அது எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய?"

"ஓம், சொல்லுறன்," என்றேன். ஒரு போத்தல் தண்ணீருக்கு இவ்வளவு மலிவான விலையா என்று நினைத்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினேன்.

முதல் தடவை நான் சொன்னபடியே செய்தேன் என்பதையும் எழுதவேண்டும். அன்று பின்னேரம் போத்தலை மாஸ்டரின் மேசையில் வைத்து, மருந்தை விட்டு, அது தெளிவாக நிற்பதைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆரின்ரை தண்ணி உது?"

நெல்லியடிக் கராஜ்காரருடையது என்று சொன்னேன். மாஸ்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உனக்கென்ன விசரோ? அவன் தொட்ட தண்ணியைக் கொண்டந்து என்ரை மேசையிலை வைக்கிறாய்."

"இது குடிக்கிறதுக்கில்லை, சேர். உப்புக் கரைக்கிறதுக்கு."

"எதுக்கெண்டாலும் இதுக்குள்ளை வரப்படாது. நாளைக்குத் தாய் தேப்பன்மார் வந்து நிண்டால் ஆர் பதில் சொல்லுறது? நீயோ?"

பியோன் ஒரு பத்திரிகைத் தாளால் போத்தலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். அந்த ஆண்டு அந்த முருங்கைக்குத்தான் பாக்கியம். பிறகு மாஸ்டரின் உத்தரவின்படி மாட்டுச் சாணம் கரைத்துவந்து மேசை மேலும் தரையிலும் தெளித்தார். எங்களைப் பார்த்து மாட்டிலே கை வைத்தாயா என்று ஒவ்வொரு நாளும் மூக்கைச் சுளித்த மனிதர், வடித்த தண்ணீர் பட்ட தீட்டைக் கழிக்க இரசாயன மேசையில் சாணத் தண்ணீர் தெளித்துவிட்டு அதன் முன்னே மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைய பாடம் நீரின் தூய்மை. கொப்பியைத் திறந்து சொல்லத் தொடங்கினார், நாங்கள் எழுதினோம். வெளியே வந்ததும் நான் வயிறு நோகச் சிரித்தேன். தென்மராட்சிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் குளித்தார்.

சோதனைக்கு முதல் நாள் மறுபடியும் நெல்லியடிக்குப் போனேன். முதல் போத்தல் உடைந்துவிட்டது என்று சொன்னேன். கராஜ்காரர் ஒன்றும் கேட்காமல் இன்னொன்று நிரப்பித் தந்தார். "கொழும்பிலையிருந்து துரை வாறாராம்," என்று நான் சும்மா சொல்லிவைத்தேன். அவர் போத்தலின் மூடியை இன்னொரு தரம் இறுக்கினார்.

"அப்ப கேக்கக்கூடும்," என்றார்.

சோதனை அன்று மற்ற இருவரையும் கூப்பிட்டு, என் தண்ணீரில் உங்களுக்கும் தருகிறேன் என்றேன். தென்மராட்சிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். உடுவில்காரர் நெடுநேரம் யோசித்தார். தன் தமக்கையின் கலியாணம் பேசி முடிந்திருக்கிற நேரத்தில் இப்படி ஒரு கதை வந்தால் குழம்பிப்போகும் என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. சோதனைக் குழாய்க்குள் விட்ட தண்ணீர் கலியாணத்தைக் குழப்பும் ஊர்தான் எங்களுடையது. நான் தனியே போய் என் மேசையில் இருந்த லேபிள் போத்தலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பற்றறித் தண்ணீரை அதில் நிரப்பினேன்.

பரீட்சகர் ஒரு பறங்கித் துரை. பருத்த மனிதர், வெயிலால் சிவந்த முகம். ஆளுக்கு மூன்று பொட்டலம் தந்தார். ஒன்று பேதியுப்பு என்று முகர்ந்தும் பாராமல் எனக்குத் தெரிந்தது, ஆனாலும் முறைப்படி செய்தேன். வெள்ளி நைத்திரேற்று விட்டேன், தெளிவாக நின்றது. இரண்டாவதும் தெளிவாக நின்றது. மூன்றாவது நவச்சாரம், அது குளோரைட்டு, பால்போல வெளுத்தது. மற்ற மேசைகளில் ஒன்பது குழாயில் ஒன்பதும் வெளுத்தன என்று சொல்ல ஆசைதான், ஆறுதான் இருந்தன. ஆறும் வெளுத்தன. மாஸ்டர் கற்பித்தபடி எது நல்லாய் வெளுத்தது எது கொஞ்சமாய் வெளுத்தது என்று அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரை தாள்களை வாசித்தார். பிறகு மற்ற இருவருடைய போத்தலிலும் வெறும் தண்ணீரை எடுத்துத் தானே மருந்து விட்டுப் பார்த்தார். வெளுத்தது. என் போத்தலில் எடுத்துப் பார்த்தார். தெளிவாக நின்றது. மாஸ்டர் கதவடியில் நின்றார். பியோன் துவாய்த் துண்டோடு சுவரோரம் நின்றார்.

துரை என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டார், ஆங்கிலத்தில். இந்த அறையில் ஒரே ஒரு போத்தலில்தான் தண்ணீர் இருக்கிறது. இதை வடித்தது யார்?

நான் தலையைத் தூக்கினேன். மாஸ்டரின் முகம் வெளிறியிருந்தது. அவருக்கு நான் ஒன்றும் கடமைப்படவில்லை. அவர் தரும் நற்சான்றிதழ் எனக்குத் தேவையுமில்லை, சோதனை முடிந்துவிட்டது, என் விடை மூன்றும் சரி. உண்மையைச் சொல்லியிருந்தால் என் தலை போயிராது. ஊரில் ஒரு மாதம் கதைத்திருப்பார்கள், அவர்கள் எதைத்தான் கதைக்கவில்லை? அந்த ஊரை நான் புழுவிலும் கேவலமாக நினைத்து நடந்தவன். இருந்தும் என் வாய் அந்த ஊரின் வாயாகத்தான் திறந்தது.

"எங்கள் மாஸ்டர் வடித்துத் தந்தார், சேர்," என்றேன்.

துரை திரும்பி மாஸ்டருக்குக் கை கொடுத்தார். ஏன் மற்றப் போத்தல்களிலும் இதை நிரப்பவில்லை என்று கேட்டார். போதாமல் போய்விட்டது என்றார் மாஸ்டர், கொஞ்சமும் தடுமாறாமல். வடிக்கும் கருவியைப் பார்க்கலாமா என்றார் துரை. அது ஈயம் பூசப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் துரை அதற்குமேல் துருவவில்லை. கல்லூரியின் வருகைப் புத்தகத்தில், இங்கே வடிக்கப்படும் நீர் கொழும்பிலும் கிடைக்காத தரமுடையது, அதை எல்லா மாணவருக்கும் போதிய அளவு வழங்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமைக் காலை மாஸ்டர் அதை முழுக் கல்லூரிக்கும் வாசித்துக் காட்டினார். அவர் வாசித்த குரலைக் கேட்டேன். இரண்டு நாளுக்குள் தானே வடித்ததாக அவர் நம்பிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பியோன் ஆனந்தக் கண்ணீர் விட்டார். கோயில் கிணற்றின் மகிமையைக் கொழும்புத் துரையும் ஒப்புக்கொண்டார் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

நான் தேறினேன். மற்ற இருவரும் தேறவில்லை. உடுவில்காரர் கச்சேரிக்குக் கிளாக்கராகப் போனார், தமக்கையின் கலியாணம் ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்தது. தென்மராட்சிக்காரர் மலாயாவுக்குப் போனதாகக் கேள்வி. ஊர் என்னைப் பழையபடி மாட்டு டாக்குத்தர் என்று சிரித்தது. நானும் பழையபடி ஊரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். சிரிப்பு முன்போல வரவில்லை. நெல்லியடிப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. பருத்தித்துறைக்குப் போக நேர்ந்தாலும் வேறு ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு போனேன்.

கப்பலுக்குப் புறப்பட்ட நாளில் அந்தச் சுற்று வழி உதவவில்லை. யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போகும் பஸ் நெல்லியடிச் சந்தியில் நின்று இயந்திரம் சூடேறிப் புகைத்தது. சாரதி இறங்கிக் கூப்பிட, கராஜ்காரர் வந்தார். பொனற் மூடியைத் திறந்து ஏதோ செய்தார். மூடிவிட்டு நிமிர்ந்தபோது யன்னலோரம் இருந்த என்னைக் கண்டார். பக்கத்து ஆசனங்களில் ஊர்க்காரர் இருந்தார்கள். அவர் யன்னலுக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேளாத குரலில் கேட்டார்.

"பாஸ் பண்ணிட்டீங்கள் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம்."

"துரை கேட்டவரோ, தண்ணி ஆரின்ரை எண்டு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. பல பதில்களை யோசித்து வைத்திருந்தேன். அவற்றில் சில உண்மையாகவும் இருந்தன.

"இல்லை," என்றேன். "ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் கோபிக்கவில்லை. தலையை மெல்ல ஆட்டினார். எதிர்பார்த்த பதில்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஓம், கேக்கமாட்டினம்," என்றார். "எனக்குத் தெரியும். சும்மாதான் கேட்டனான். கவனமாய்ப் போட்டு வாங்கோ."

சாரதி கைப்பிடியைச் சுற்றினார், பஸ் உயிர்பெற்றது. கேட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு மனிதர் கையில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, இதை வடித்தது யார் என்று, தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். தன்னைப் பற்றி எவரும் ஒருநாளும் கேட்கமாட்டார்கள் என்றே கராஜ்காரர் கடைசிவரை எண்ணியிருந்திருப்பார். அப்படி அவரை எண்ணவைத்தது மாஸ்டரோ, பியோனோ, கலியாண வீட்டுப் பந்தியோ அல்ல. நான் பஸ்ஸில் நல்ல ஆசனத்தில் இருந்து ஸ்டேசனுக்குப் போனேன்.